போர்வை யாருடையது? ஃபெய்த் ரிங்கோல்டின் தையலும் உடைமையின் அரசியலும்

2024 ஏப்ரல் 13 அன்று ஃபெய்த் ரிங்கோல்ட் தமது 93ஆம் வயதில் நியூஜெர்சியில் காலமானார். அஞ்சலிக் குறிப்புகள் அவரது ஒட்டுப்போர்வைகளையும் குழந்தைப் புத்தகங்களையும்தான் முதலில் பேசின. அவர் கைதானதைப் பிறகு பேசின. சிறைச்சாலையில் வரைந்ததையும் தொலைக்காட்சி நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டதையும் போகிற போக்கில் தொட்டுவிட்டு நகர்ந்தன. பாட்டி, போர்வை, குழந்தைக் கதை என்று வரிசைப்படுத்திவிட்டால் ஆள் சாதுவாகிவிடுகிறார். எதிர்ப்பின் பல்லைப் பிடுங்கி உறைபோட்டு வைக்க மரியாதையைவிட நல்ல கருவி கிடையாது. அந்த வரிசையைக் கொஞ்சம் கலைத்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

முதலில் சொல்லைப் பற்றி. 'க்வில்ட்' என்பதற்குத் தமிழில் நேர்ச்சொல் இல்லை. ஒட்டுப்போட்டுத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவிப் போகிற ஓட்டத்தையல். இதுதான் க்வில்ட். 'ஒட்டுப்போர்வை' என்று வைத்துக்கொள்வோம். நம் மொழியில் 'ஒட்டு' என்றாலே இல்லாமை, ஏழ்மை, கிழிசல். 'ஒட்டுப்போட்ட சேலை' என்று யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. அமெரிக்காவிலும் வெகுகாலம் நிலைமை இதுதான். சட்டத்தில் இழுத்து அடித்த கேன்வாஸில் எண்ணெய் வண்ணம் தீட்டினால் அது கலை. பெண்கள் கூடி உட்கார்ந்து தைத்தால் அது வீட்டு வேலை, ரொம்பப் போனால் கைவினை. கலை, கைவினை என்ற இந்தப் பிரிவினை அழகியல் பிரிவினை மட்டுமல்ல. யார் கையொப்பம் இடலாம், யார் பெயரில்லாமல் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற அதிகாரப் பிரிவினை அது.

ஓர் உதாரணம். ஜார்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் விவிலியக் காட்சிகளைத் துணியில் வெட்டி ஒட்டி ஒரு போர்வை தைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்கார ஓவிய ஆசிரியை அதை விலைக்குக் கேட்டபோது அவர் கொடுக்கவில்லை. பிறகு வறுமை நெருக்கியபோது பத்து டாலர் கேட்டு, 1891இல் ஐந்து டாலருக்கு விற்றார். விற்ற பிறகும் அந்தப் போர்வையைப் பார்க்கப் பலமுறை போய் வந்தார். இன்று அது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பெருமைக்குரிய சொத்து. தான் செய்ததைப் பார்க்க இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்த அந்தப் பெண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் ரிங்கோல்டிடம் வர வேண்டும். ஏனென்றால் அவரது ஐம்பது வருட வேலைக்கு அடியில் ஓடுகிற கேள்வி ஒன்றே: செய்தது யார், உடைமை யாருக்கு?

ரிங்கோல்ட் 1930இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தார். கொள்ளுப்பாட்டிக்கு அம்மாவான சூசி ஷானன் அடிமையாக இருந்து போர்வை தைத்தவர் என்பது குடும்ப நினைவு. தான் தைத்த போர்வை மட்டுமல்ல, தைத்த கையே இன்னொருவன் சொத்தாக இருந்த காலம் அது. ரிங்கோல்டின் அம்மா வில்லி போஸி ஹார்லெமில் ஆடை வடிவமைப்பாளர். சம்பாதித்த, வாடிக்கையாளர்களை வைத்திருந்த தொழில்காரர். ஆகவே ரிங்கோல்டைப் 'பாட்டிமார் மரபின் வாரிசு' என்று நாட்டார் கலைப் பெட்டிக்குள் அடைப்பது பாதி உண்மைதான். அவருக்கு வந்து சேர்ந்தது பழைய மரபு மட்டுமல்ல; இருபதாம் நூற்றாண்டு நகரத்துப் பெண்ணொருத்தியின் தொழில் திறமையும் சேர்ந்தே வந்தது.

அவர் போர்வையில் தொடங்கவுமில்லை. நியூயார்க் சிட்டி காலேஜில் நுண்கலை படிக்கப் போனார். பெண்களை அந்தப் பாடத்தில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். கல்வியியல் படித்தால் ஓவிய ஆசிரியை ஆகலாம் என்று வழி காட்டினார்கள். சரி என்று அதில் சேர்ந்து, 1955 முதல் 1973 வரை நகரத்து அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்தினார். 1960களில் 'அமெரிக்க மக்கள்' என்ற தலைப்பில் எண்ணெய் வண்ண ஓவிய வரிசை ஒன்றை வரைந்தார். 1967இல் வரைந்த 'கொடி ரத்தம் கசிகிறது', 'சாவு' இரண்டும் அந்த வரிசையில் வருபவை. கறுப்பினக் கலைஞர்களின் 'ஸ்பைரல்' குழுவில் சேர விரும்பி ரொமேர் பியர்டனுக்குக் கடிதம் எழுதினார், கதவு திறக்கவில்லை. அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் எம்மா ஏமோஸ். வெள்ளைக் கலை உலகம் கறுப்பர் என்று விலக்கியது. கறுப்புக் கலை உலகம் பெண் என்று விலக்கியது. வெள்ளைப் பெண்ணியம் 'எல்லாப் பெண்களும் ஒன்று' என்று சொல்லி அந்தப் பேச்சிலேயே கறுப்புப் பெண்ணைக் காணாமல் அடித்தது. 'சமூகம்' என்ற சொல்லை வாய் நிறையச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எந்தச் சமூகமும் மொத்தமாக, விரிசல் இல்லாமல் கிடைப்பதில்லை. ஒட்டுப்போட்டுத்தான் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

உண்டாக்கவும் செய்தார். 1968இல் விட்னி மியூசியம் 1930களின் அமெரிக்கக் கலை பற்றி நடத்திய கண்காட்சியில் ஒரு கறுப்பினக் கலைஞர்கூட இல்லை. வாசலில் மறியல் செய்தவர்களில் ரிங்கோல்டும் ஒருவர். 1970இல் லூசி லிப்பார்ட், பாப்பி ஜான்சன் ஆகியோரோடு சேர்ந்து அதே விட்னியில் பெண் கலைஞர்களுக்கு ஐம்பது விழுக்காடு இடம் கேட்டார். கூடத்தில் முட்டைகளையும் மாதவிடாய்ப் பஞ்சுகளையும் போட்டார்கள், விசில் ஊதினார்கள். கண்ணியமான கோரிக்கை மனு அல்ல, சுத்த அடாவடி! விளைவு? அந்த ஆண்டுச் சிற்பக் கண்காட்சியில் பெட்டி சார், பார்பரா சேஸ்-ரிபூ என்ற இரு கறுப்பினப் பெண்கள் இடம்பெற்றார்கள். தன் மகள் மிஷேல் வாலஸோடு சேர்ந்து கறுப்புக் கலை விடுதலைக்கான பெண் மாணவர் - கலைஞர் அமைப்பைத் தொடங்கினார். 1971இல் கறுப்பினப் பெண் கலைஞர்களின் 'வேர் வி அட்' கண்காட்சியில் பங்கெடுத்தார். ஊசியை எடுப்பதற்கு முன்னால் நடந்தவை இவை. முதலில் சண்டை, பிறகுதான் தையல்.

கொடி விவகாரம் தனியாகப் பேசத் தக்கது. 1970 நவம்பரில் நியூயார்க் ஜட்சன் நினைவு தேவாலயத்தில் 'மக்கள் கொடிக் கண்காட்சி' நடந்தது. வியட்நாம் போருக்கு எதிராகவும், கொடியை அவமதித்தால் தண்டிக்கும் சட்டத்துக்கு எதிராகவும் கலைஞர்கள் கொடியை வைத்துப் படைப்புகள் செய்தார்கள். ரிங்கோல்ட், ஜான் ஹெண்ட்ரிக்ஸ், ஜான் டோஷ் மூவரும் கைது செய்யப்பட்டு, கொடியை அவமதித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். கொடி என்பது என்ன? அதுவும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய துணிதானே. பட்டைகளும் நட்சத்திரங்களும் பெண்கள் கையால் தைக்கப்பட்டவைதான். ஒரு ஒட்டுத்துணிக்கு அரசு புனிதம் கற்பித்து, கைவைத்தால் விலங்கு மாட்டுகிறது. இன்னொரு ஒட்டுத்துணியைக் கட்டிலில் விரித்துக் கசக்கி விடுகிறார்கள். துணி ஒன்றுதான், அதன் மேல் அதிகாரம் விரிக்கிற சொல்லாடல்தான் வேறு. 1985இல் ரிங்கோல்ட் அந்தக் கொடியையே ஒரு கதைப் போர்வையாகத் தைத்துக் காட்டினார். 1967இன் ரத்தம் கசியும் கொடியை வாஷிங்டனில் உள்ள தேசிய ஓவியக்கூடம் 2021இல் வாங்கிக்கொண்டது. தண்டனையும் கொள்முதலும் ஒரே வாழ்க்கையில். இடையில் ஐம்பது வருடம்.

அவர் துணிக்கு வந்த கதையில் தத்துவத்தைவிட நடைமுறை அதிகம். 1972இல் ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் மியூசியத்தில் திபெத்தியத் தங்காக்களைப் பார்த்தார். துணிக்கரை வைத்துத் தைத்த, சுருட்டி எடுத்துப் போகக்கூடிய ஓவியங்கள். சட்டமடித்த பெரிய கேன்வாஸைத் தூக்க நாலு பேர் வேண்டும், வண்டி வேண்டும், பணம் வேண்டும். துணி ஓவியத்தைச் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டுத் தனியாளாகக் கல்லூரி கல்லூரியாகப் போகலாம். மியூசியம் சுவர் தரவில்லையா, பரவாயில்லை; துணிக்கு ஓர் ஆணி போதும். வடிவம் என்பதை அழகியல் தேர்வாக மட்டுமே பார்த்துப் பழகிய விமர்சனத்துக்கு இது உறைக்க வேண்டும். விளிம்பில் இருப்பவரின் வடிவத்தைப் போக்குவரத்துச் செலவும் தீர்மானிக்கிறது. இந்தத் தங்காக்களுக்குக் கரை தைத்துக் கொடுத்தவர் அம்மா. 1980இல் இருவரும் சேர்ந்து முதல் ஒட்டுப்போர்வையான 'ஹார்லெமின் எதிரொலிகள்' செய்தார்கள். முப்பது ஹார்லெம் முகங்கள் மகள் வரைந்தவை, துணி வேலை அம்மாவுடையது. 1981இல் அம்மா இறந்தார்.

சமூகத்தோடு கலை என்பதற்கு நல்ல சான்று ஒரு சிறைச்சாலை. 1971இல் ரைக்கர்ஸ் தீவில் பெண்கள் சிறைக்காக ஓர் ஓவியம் வரைய முன்வந்தார். வரைவதற்கு முன் கைதிகளிடம் போய், என்ன வேண்டும் என்று கேட்டார். எத்தனை முற்போக்குக் கலைஞர்கள் கேட்கிறார்கள்? மக்களுக்கு என்ன தேவை என்று நமக்கே தெரியும் என்பதுதானே நம் பழக்கம். அந்தப் பெண்கள், இங்கிருந்து வெளியே போகிற ஒரு பாதையை வரையச் சொன்னார்கள். ரிங்கோல்ட் பேருந்து ஓட்டும் பெண், மருத்துவப் பெண், கட்டட வேலை செய்யும் பெண், குடியரசுத் தலைவராகும் பெண் என்று வரைந்தார். காங்கோவின் கூபா மக்களின் துணி வடிவத்தை ஒட்டிப் பரப்பை எட்டு முக்கோணங்களாகப் பிரித்துக்கொண்டார். அதாவது கேன்வாஸில் எண்ணெய் வண்ணம் தீட்டிய அந்த ஓவியத்தின் எலும்புக்கூடே நெசவுதான். 1988இல் அந்தக் கட்டடம் ஆண்கள் சிறையானபோது ஓவியத்தின் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். ஒரு சிறைக்காவலரின் முயற்சியால் அது அழியாமல் தப்பியது. பின்பு வெள்ளை நீக்கப்பட்டுப் பெண்கள் சிறையில் மாட்டப்பட்டது. 2022இல் அதை ப்ரூக்ளின் மியூசியத்துக்கு மாற்ற முடிவானது. ஓவியம் வெளியே வந்துவிட்டது. கேட்ட பெண்களின் பாதை? அந்தக் கேள்வியை மியூசியம் சுவர் தீர்த்துவைக்காது. யாருக்காக வரையப்பட்டதோ அவர்கள் இனி அதைத் தினம் பார்க்க முடியாது என்பதையும், அங்கேயே இருந்திருந்தால் அது மறுபடி அழிந்திருக்கலாம் என்பதையும் ஒருசேரச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்து எழுத்து. ரிங்கோல்ட் தன்வரலாறு எழுதினார். பதிப்பிக்க ஆள் கிடைக்கவில்லை. சரி, போர்வையில் எழுதுகிறேன், மாட்டினால் படித்துத்தானே ஆகணும் என்று துணிமேல் எழுத ஆரம்பித்தார். (தன்வரலாறு 1995இல்தான் புத்தகமானது.) 1983இல் வந்த முதல் கதைப் போர்வை 'ஜெமைமா அத்தைக்கு யார் பயப்படுகிறார்கள்?'. ஜெமைமா அத்தை என்பது 1889 முதல் பான்கேக் மாவுப் பொட்டலத்தில் சிரித்த கறுப்புச் சமையல்காரி. அந்த வேடத்துக்கு முதலில் அமர்த்தப்பட்டு 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் நின்ற நான்சி கிரீன் அடிமையாகப் பிறந்தவர். உழைக்கும் பெண்ணின் முகத்தை எடுத்து வணிகச் சின்னம் ஆக்கினார்கள். ரிங்கோல்ட் அந்தச் சின்னத்தைத் திருப்பி எடுத்தார். ஜெமைமாவுக்குக் குடும்பப் பெயர் கொடுத்தார், வம்சம் கொடுத்தார், ஹார்லெமில் உணவகம் நடத்தும் முதலாளியம்மாவாக ஆக்கினார். கதை கறுப்பர் பேச்சுமொழியில், ஒட்டுக் கட்டங்களுக்கு நடுவே ஓடுகிறது. கையெழுத்துப் பிரதியும் துணியும் ஒன்றான பிரதி அது. நிறுவனம் அந்தப் பெயரைக் கைவிடப் போவதாக அறிவித்தது 2020இல், பெயர் மாறியது 2021இல். ஒரு போர்வை சொன்னதைக் கம்பெனி கேட்டுக்கொள்ள முப்பத்தெட்டு வருடம் ஆனது.

இங்கே இடதுசாரி வாசகர் ஒருவர் எழுந்து கேட்கலாம்: 'என்னங்க இது, சமையல்காரியை முதலாளியாக்குவதா விடுதலை?' நியாயமான கேள்வி. 1988இன் 'தார் கடற்கரை' போர்வையிலும் இதே சிக்கல் உண்டு. ஹார்லெமில் 1939இல் ஒரு வெயில் காலத்து இரவு. மொட்டைமாடியில் குடும்பம் சாப்பிட்டுச் சீட்டாடிக்கொண்டிருக்கிறது. எட்டு வயது கேஸி லைட்ஃபுட் படுத்தபடியே பறக்கத் தொடங்குகிறாள். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் மேல் பறந்து அது தன்னுடையது என்கிறாள். அப்பா கட்டட வேலைக்காரர். பாலம் கட்டியவர்களில் ஒருவர். தொழிற்சங்கம் அவரை நிறத்தின் பெயரால் சேர்த்துக்கொள்வதில்லை. அவள் அந்தச் சங்கக் கட்டடத்தின் மேலும் பறந்து அதையும் தன் அப்பாவுக்குச் சொந்தமாக்குகிறாள். தொழிலாளி வர்க்க ஒற்றுமை என்ற பெருங்கதையாடலின் உள்ளே நிறத்தின் பெயரால் விழுந்த ஓட்டையை ஒரு குழந்தைக் கதை இப்படித் தொட்டுக் காட்டுகிறது. அடிமைகள் ஆப்பிரிக்காவுக்குப் பறந்து போனார்கள் என்ற வாய்மொழிக் கதை மரபு அதன் அடியில் இருக்கிறது. ஆனால் கேஸி ஆப்பிரிக்காவுக்குப் போகவில்லை. தன் அப்பன் உழைத்துக் கட்டியதன் மேல் பறந்து உரிமை கேட்கிறாள்.

உடைமையாசை என்று இதைத் தள்ளிவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தானே ஒருவனுக்கு உடைமையாக இருந்தவளின் வம்சம் 'என்னுடையது' என்று சொல்வதற்கும், பரம்பரைச் சொத்துக்காரன் 'என்னுடையது' என்று சொல்வதற்கும் சொல் ஒன்றுதான், வரலாறு வேறு. முதலாவது திருடப்பட்டதைத் திருப்பிக் கேட்கிற குரல். அதே சமயம், கேட்பது எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். ஜெமைமாவின் கதை தனியாள் வெற்றியோடு நின்றுவிடுகிறது. கேஸியின் கதை அப்படி நிற்பதில்லை. பறக்கிறது எப்படி என்று தம்பிக்கும் சொல்லிக் கொடுக்கிறாள். ரிங்கோல்டின் நல்ல படைப்புகளையும் சாதாரணப் படைப்புகளையும் பிரிக்கிற கோடு இதுதான் என்பேன்: உடைமை பகிர்வாக மாறுகிறதா, இல்லை வெறும் வெற்றிக் கதையாக உறைகிறதா?

வழக்குக்கு வருவோம். 1988இல் செய்த 'சர்ச் பிக்னிக்' போர்வை அட்லாண்டாவின் ஹை மியூசியத்தில் இருக்கிறது. மியூசியம் அவரது அனுமதியோடு அதைச் சுவரொட்டியாக அச்சிட்டது. அந்தச் சுவரொட்டியை 'ராக்' என்ற தொலைக்காட்சித் தொடரில் தேவாலயக் காட்சிக்குப் பின்னணியாக மாட்டிவிட்டார்கள். கேட்கவில்லை, காசும் கொடுக்கவில்லை. ரிங்கோல்ட் வழக்குப் போட்டார். மொத்தம் ஒன்பது தடவை, கூட்டினால் 26.75 விநாடிதானே தெரிகிறது என்று வாதம். கீழ்நீதிமன்றம் நிறுவனங்களின் பக்கம் நின்றது. 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. சுவரை அழகுபடுத்தத்தான் அது உண்டாக்கப்பட்டது, அதே காரியத்துக்குத்தான் இவர்களும் பயன்படுத்தினார்கள், கேட்டிருக்க வேண்டும் என்பது சாரம். இதைச் சட்டப் புத்தகச் சங்கதி என்று ஒதுக்க வேண்டாம். துணி என்றால் பின்னணி, பின்னணி என்றால் யாருடையதும் இல்லை என்ற பழைய மனப்பாங்கோடு நடந்த சண்டை இது. ஹாரியட் பவர்ஸின் ஐந்து டாலருக்கு நூறு வருடம் கழித்து எழுந்த கேள்வி.

ஆனால் தனிப்பெயரும் காப்புரிமையும் எல்லாவற்றையும் தீர்த்துவிடுமா? அலபாமாவின் ஜீஸ் பெண்ட் பகுதியைப் பார்க்கலாம். 1966இல், சிவில் உரிமைப் போராட்டத்தின் நடுவில், அந்த வட்டாரக் கறுப்பினப் பெண்கள் 'ஃப்ரீடம் க்வில்டிங் பீ' என்ற கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். வாக்காளராகப் பதிவு செய்ததற்காக வேலையும் நிலமும் இழந்த குடும்பங்களுக்கு அது ஒரு கைத்தாங்கல். 2002இல் அவர்களது போர்வைகள் விட்னியில் தொங்கின. ஆம், முட்டை எறிந்த அதே விட்னி. விமர்சகர்கள் நவீன ஓவியத்துக்கு நிகர் என்று கொண்டாடினார்கள். அதாவது மாடிஸைப் போலிருப்பதால்தான் அது கலை! 2007இல் அந்த ஊர்ப் பெண்கள் சிலர் போர்வைகளை வாங்கிச் சேர்த்தவர்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள், 2008இல் சமரசமானது. ஒரு ஊரே தலைமுறை தலைமுறையாகப் பகிர்ந்துகொண்ட வடிவம் யாருடைய பெயரில் பதிவாகும்? ரிங்கோல்டின் வழக்கு தனிக் கலைஞருக்கு வழி திறந்தது. கூட்டுக் கைகளுக்குச் சட்டத்திடம் இன்னும் சரியான சொல் இல்லை.

ரிங்கோல்டிடமும் அந்த இழுபறி உண்டு. அவரது கதைப் போர்வைகளின் நடுப்பகுதி பெரும்பாலும் கேன்வாஸில் தீட்டிய ஓவியம். ஒட்டுத்துணி சுற்றிலும் கரையாக வருகிறது. ஓவியம் நடுவில், தையல் விளிம்பில். அவர் உடைக்கப் புறப்பட்ட படிநிலையே அவர் போர்வைக்குள் சின்னதாகத் திரும்பி வருகிறது. 1991இன் 'ஆர்லில் சூரியகாந்தித் தையல் கூட்டம்' இதைத் தானே அறிந்து கிண்டல் செய்கிறது. சொஜர்னர் ட்ரூத், ஹாரியட் டப்மன், ரோசா பார்க்ஸ் முதலான கறுப்பினப் பெண்கள் கூடிப் போர்வை தைக்கிறார்கள். வான்கோ பூச்சாடியோடு ஓரத்தில் நிற்கிறார். யார் நடு, யார் விளிம்பு என்பது இங்கே தலைகீழாகிறது. எனினும் அது ஓவியத்துக்குள் நடக்கிற தலைகீழாக்கம். துணி இன்னும் கரையில்தான் இருக்கிறது. இந்த விதத்தில், நியூயார்க்கின் 8 முதல் 19 வயது வரையான மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கிய செப்டம்பர் 11 அமைதிப் போர்வை அவரது புகழ்பெற்ற தனிப் படைப்புகளைவிட ஒரு படி முன்னால் போகிறது. பல கைகள், பல பெயர்கள்.

2016இல் நியூயார்க் நவீனக் கலை மியூசியம் 'சாவு' ஓவியத்தை வாங்கியது. 2019இல் பிக்காசோவின் 'அவிக்னோன் பெண்க'ளுக்குப் பக்கத்தில் மாட்டியது. 1960களின் இறுதியில் கறுப்பினக் கலைஞர்களுக்குத் தனிப் பிரிவு கேட்டு ரிங்கோல்ட் போராடிய அதே மியூசியம். வெற்றியா, விழுங்கலா? இரண்டும்தான். மாட்டியதால் மியூசியம் மாறிவிட்டது என்று நம்ப வேண்டியதில்லை. மாட்டியதால் ரிங்கோல்ட் விலைபோனார் என்று முகம் சுளிக்கவும் வேண்டியதில்லை. வெளியே நின்று விசில் ஊதாமல் உள்ளே சுவர் கிடைத்திருக்காது என்பது மட்டும் உறுதி. போர்வையைப் புகழ்கிறவர்கள் அந்த விசிலையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கலைஞர் ஊருக்குள் போய் 'நல்லது செய்வது' என்ற கருணைக் கதையை அவர் வாழ்க்கை ஏற்பதில்லை. கைதிகளிடம் முதலில் கேட்டார். அம்மாவின் உழைப்பைப் பெயரோடு ஏற்றார். தன் வேலையைப் பின்னணியாக்கியவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தார். கேட்பது, பெயர் சொல்வது, விட்டுக்கொடுக்காமல் இருப்பது - கலையில் 'சமூகப் பங்கு' என்பதை இந்த மூன்றையும் கொண்டு அளக்கத் தொடங்கினால், நாம் கொண்டாடுகிற பல பெயர்களின் கணக்கு உதைக்கும்.